குடும்பத்தில் புற்றுநோய் வழிவழியாக வருகிறதா? ஒரு தாளில் எழுதிப் பார்க்கும் முறை

மரபணுப் பரிசோதனைக்குப் பணம் கட்டுவதற்கு முன்பு ஒரு பெரிய தாளை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். மாதக் காலண்டரின் பின்பக்கம் போதும். உங்கள் குடும்பத்தில் யாருக்கு என்ன புற்றுநோய், எந்த வயதில் வந்தது என்பதை அதில் எழுத வேண்டும்.

நான் குடியாத்தத்தில் மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் நடத்துகிறவள். என் அம்மா சினைப்பைப் புற்றுநோயில் இறந்தார். அக்காவுக்கு 38 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. பி.ஆர்.சி.ஏ.1 என்ற மரபணுவில் அக்காவுக்கு ஒரு பழுது இருப்பது இரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. அதே பழுது எனக்கும் இருக்கிறது. அதன் பிறகு பேரணாம்பட்டு, ஆம்பூர், ஆரணி என்று பரவிக் கிடக்கும் எங்கள் உறவினர்களுக்கும், விவரம் கேட்டு வந்த வேறு குடும்பங்களுக்கும் இந்தத் தாளை எழுத உதவி வருகிறேன். பரிசோதனைக் கூடத்தின் கருவிகளுக்கு நம்மைப் போன்றவர்களைப் பற்றித் தெரிந்தது குறைவு. அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டக்கூடியது குடும்பத்தின் நினைவுதான். அதனால்தான் தாளை முதலில் வைக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். புற்றுநோய்களில் 100-க்கு 5 முதல் 10 வரைதான் பெற்றோர் வழியாக வந்த ஒற்றை மரபணுப் பழுதால் வருகின்றன. பீடி, புகையிலை, வெற்றிலை பாக்கோடு சேர்த்து அடக்கிக்கொள்ளும் பழக்கம் உள்ளவருக்கு வாயில் வரும் புற்றுநோய்க்குப் பரம்பரையைத் தேட வேண்டியதில்லை. கருப்பை வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் எச்.பி.வி. என்ற வைரஸால் வருவது. அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. இந்தத் தாள் எல்லாருக்கும் அல்ல, சில குடும்பங்களுக்கு. ஆனால் அந்தச் சில குடும்பங்களில் அடுத்த தலைமுறையின் உயிரே இதில் இருக்கிறது.

தாளில் எழுத வேண்டியவை

நடுவில் உங்கள் பெயர், பக்கத்தில் உடன்பிறந்தவர்கள். மேலே அம்மா, அப்பா, அவர்களோடு பிறந்தவர்கள். அதற்கும் மேலே தாத்தா, பாட்டிகள் நால்வர். கீழே பிள்ளைகள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் போடுங்கள். புற்றுநோய் வந்தவரின் கட்டத்தைப் பேனாவால் நிரப்புங்கள். இறந்தவர் மேல் ஒரு சாய்கோடு. ஒவ்வொருவருக்கும் கீழே, எந்த உறுப்பில் நோய் தொடங்கியது, எந்த வயதில் கண்டுபிடித்தார்கள், இப்போது என்ன வயது அல்லது எந்த வயதில் இறந்தார் என்று எழுதுங்கள். நோய் வராதவர்களை விட்டுவிடாதீர்கள். 80 வயது வரை நன்றாக இருந்த அத்தைகள் நான்கு பேர் என்பதும் மருத்துவருக்கு ஒரு செய்திதான்.

சித்தி என்று மட்டும் எழுதினால் போதாது. அம்மாவின் தங்கையும் சித்தி, சித்தப்பாவின் மனைவியும் சித்தி. இரத்த உறவு யாரோடு என்பதைக் கோடுதான் காட்ட வேண்டும். தாய்மாமனையும் அத்தையின் கணவரையும் இதே போலப் பிரித்து எழுதுங்கள்.

அப்பா வழியை மறப்பதுதான் நான் பார்த்த தாள்களில் மிகப் பெரிய குறை. மார்பகம், சினைப்பை என்றதும் அம்மா வழிப் பெண்களை மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை முடித்துவிடுகிறார்கள். பி.ஆர்.சி.ஏ.1 இருப்பது 17-ஆம் குரோமோசோமில், இதே புற்றுநோய்களோடு தொடர்புள்ள இன்னொரு மரபணுவான பி.ஆர்.சி.ஏ.2 இருப்பது 13-ஆம் குரோமோசோமில். இவை ஆண், பெண் இருவருக்கும் இரண்டிரண்டு பிரதிகளாக உண்டு. ஒரு பிரதியில் பழுதுள்ள தகப்பன் தனக்கு எந்த நோயும் வராமலேயே அதை மகளுக்குக் கொடுத்துவிட முடியும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போய்ச் சேர வாய்ப்பு சரிபாதி. அத்தைமார் இல்லாமல் ஆண்களாகவே பிறந்த அப்பா வழியில் இந்தப் பழுது இரண்டு தலைமுறை வெளியே தெரியாமல் இருக்கலாம். ஆகவே அந்தப் பக்கத்து ஆண்களுக்குப் புராஸ்டேட், கணையம், மார்பகம் ஆகியவற்றில் புற்றுநோய் வந்ததா என்று குறிப்பாகக் கேளுங்கள். ஆணுக்கு மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் வேறு எதுவும் இல்லாவிட்டாலும் மரபியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நம் பக்கத்தில் அத்தை மகன், மாமன் மகள், அக்காள் மகள் என்று சொந்தத்துக்குள் கட்டுவது இன்னும் இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி முஸ்லிம் குடும்பங்களில் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகளுக்குள்ளும் திருமணம் நடக்கிறது. அப்படிப்பட்ட தம்பதியர் நடுவே ஒற்றைக் கோட்டுக்குப் பதில் இரட்டைக் கோடு போடுங்கள். சொந்தத்தில் கட்டியதால் புதிதாகப் பழுது உண்டாவதில்லை. ஆனால் கணவன், மனைவி இருவரிடமும் ஒரே பழுது இருந்தால் குழந்தைக்கு இரண்டு பக்கமிருந்தும் வந்துசேரலாம். பி.ஆர்.சி.ஏ.2-இன் இரண்டு பிரதிகளும் பழுதானால் ஃபான்கோனி இரத்தசோகை என்ற கடுமையான குழந்தைப் பருவ நோய் வரும். லிஞ்ச் நோய்த்தொகுதி என்று சொல்லப்படும் குடல் புற்றுநோய்க் குடும்பங்களின் மரபணுக்கள் இரண்டு பிரதிகளிலும் பழுதானால் சிறு வயதிலேயே மூளையிலோ இரத்தத்திலோ குடலிலோ புற்றுநோய் தோன்றலாம். குழந்தையாக இருக்கும்போதே இறந்தவர்களைப் பற்றிப் பேச யாருக்கும் மனம் வராது. மெதுவாகக் கேட்டு அவர்களையும் எழுதுங்கள்.

பாட்டிமாரிடம் கேட்பது

பழைய தலைமுறைக்குப் புற்றுநோய் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லியிருந்தாலும் வீட்டுக்குள் அந்தச் சொல் புழங்கியிருக்காது. “வயிறு ஊதி ஊதிப் போனாள், தண்ணீர் எடுத்தார்கள், மறுபடியும் ஊதியது” என்று ஒரு பெரியம்மா சொன்னால் சினைப்பையைச் சந்தேகிக்கலாம். கல்லீரல் நோயாகவும் இருக்கலாம். “மஞ்சள் காமாலை வந்து இளைத்து மூன்று மாதத்தில் போய்விட்டார்” என்றால் கணையமாக இருக்க வாய்ப்புண்டு. “மார்பில் புண், யாரிடமும் காட்டவில்லை” என்பதற்கு விளக்கமே தேவையில்லை. “வெளிக்குப் போகும்போது இரத்தம், மூலம் என்று மருந்து சாப்பிட்டார்” என்பதைக் குடல் என்று ஓரத்தில் கேள்விக்குறியோடு எழுதுங்கள். “மாதவிலக்கு நின்ற பிறகும் இரத்தம் பட்டது” என்றால் கருப்பையாக இருக்கலாம். சொன்னபடியே எழுதுங்கள், நீங்களாக நோய்க்குப் பெயர் வைத்து முடிவு செய்யாதீர்கள். எந்தச் சொல்லுக்கு எவ்வளவு எடை என்பது மருத்துவருக்குத் தெரியும்.

வயதைக் கேட்டால் “சின்ன வயசுதான்” என்பார்கள். ஆண்டைக் கேட்டால் தெரியாது. நிகழ்ச்சியைக் கேளுங்கள். இந்திரா காந்தி சுடப்பட்டதற்கு முன்பா பின்பா, எம்.ஜி.ஆர். இறந்தபோது இருந்தாரா, வட ஆற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்த சமயமா, மூத்த மகன் அப்போது எந்த வகுப்பு என்று கேட்டால் 1984, 1987, 1989 என்று ஆண்டுகள் தாமாக அமைந்துவிடும். அவருடைய கடைசிக் குழந்தை பிறந்த வருடத்தை வைத்து வயதைக் கணக்கிட்டுவிடலாம். 50-க்கு முன்பா பின்பா என்பது தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

வைகாசியில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு எங்கள் ஊரில் எல்லா உறவுகளும் வந்து சேரும். நான் பாட்டிமாரிடம் கேட்பது அப்போதுதான். ஆனால் திருவிழா நாளில் கேட்க மாட்டேன். மறுநாள் கூட்டம் குறைந்து, எல்லாரும் திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் நேரத்தில் கேட்பேன். ஒருவர் மறந்ததை இன்னொருவர் எடுத்துக்கொடுப்பார்.

அடுத்தது காகிதங்கள். பீரோவின் அடித்தட்டில், பட்டுப்புடவைப் பெட்டிக்குக் கீழே, எக்ஸ்ரே உறைக்குள் மடித்து வைத்த டிஸ்சார்ஜ் சம்மரி ஒன்று அனேகமாக எல்லா வீட்டிலும் இருக்கும். எங்கள் அம்மாவுடையதை மடிப்பில் கிழிந்த நிலையில்தான் எடுத்தோம். முதல் பக்கத்தில் எல்லாரும் படிப்பது மருந்துப் பட்டியலை. தேட வேண்டியது பயாப்சி என்ற திசுப் பரிசோதனையின் முடிவை. பெரும்பாலும் இரண்டாவது பக்கத்தில், சின்ன எழுத்தில் இருக்கும். மார்பகப் புற்றுநோய் என்றால் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 என்று கட்டியின் தன்மையைச் சொல்லும் மூன்று வரிகள் வரும். மூன்றும் நெகட்டிவ் என்றிருந்தால் அதைத் தாளில் தவறாமல் எழுதுங்கள், பி.ஆர்.சி.ஏ.1 பழுது உள்ளவர்களுக்கு வரும் மார்பகப் புற்றுநோய் பெரும்பாலும் அந்த வகையைச் சேர்ந்தது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் காட்டியிருந்தால் ஆஸ்பத்திரி எண்ணை எழுதி வையுங்கள். இறந்தவரின் பயாப்சித் திசுவை மெழுகுக் கட்டியில் பதித்துச் சில மருத்துவமனைகள் பல ஆண்டுகள் பாதுகாத்து வைத்திருக்கும். சில நேரம் அதிலிருந்தும் மரபணுவைப் பார்க்க முடியும்.

பாலாற்றுத் தண்ணீரா, இரத்தமா

தோல் தொழிற்சாலைகள் இருக்கும் பாலாற்றங்கரை ஊர்களில், புற்றுநோய்க்குக் காரணம் தண்ணீரா பரம்பரையா என்ற கேள்வி வராமல் இருக்காது. வரவும் வேண்டும். ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவு நம் மண்ணுக்குச் செய்த கேடு பெரியது. அந்தக் கழிவில் இருக்கும் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதியாக வகைப்படுத்தியிருக்கிறது. குறிப்பாக மூச்சில் போகும்போது நுரையீரலைத் தாக்கும். அந்த நியாயத்தை ஊர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் உங்கள் தாள் வேறொன்றைச் சொல்லக்கூடும். நோய் வந்தவர்கள் எல்லாரும் ஒரே வீட்டில், ஒரே கிணற்றுத் தண்ணீரைக் குடித்து, அதில் மருமகள்களும் அடக்கம் என்றால் சுற்றுச்சூழலை யோசிக்கலாம். மருமகள்களுக்கு ஒன்றும் இல்லை, வேறு ஊர்களுக்கு வாழ்க்கைப்பட்டுப் போன மகள்களுக்கு வந்திருக்கிறது என்றால் இரத்தத்தைப் பாருங்கள். எங்கள் தாள் இரண்டாவது வகை.

யார் முதலில் பரிசோதிப்பது

மார்பகப் புற்றுநோய் 50 வயதுக்கு முன் வந்திருந்தால், மூன்றும் நெகட்டிவ் வகையாக இருந்தால், இரண்டு மார்பகங்களிலும் வந்திருந்தால், சினைப்பைப் புற்றுநோய் எந்த வயதில் வந்திருந்தாலும், குடல் அல்லது கருப்பைப் புற்றுநோய் 50-க்கு முன் வந்திருந்தால், அம்மா வழி அல்லது அப்பா வழி என்று ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று பேருக்கு வந்திருந்தால் தாளோடு மரபியல் மருத்துவரிடம் போங்கள். வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவ மரபியலுக்கென்று தனித்துறை இருக்கிறது. சென்னையில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது.

முதலில் இரத்தம் கொடுக்க வேண்டியவர் நோய் வந்தவர். நலமாக இருக்கும் தங்கை ஆர்வத்தோடு முதலில் போய்க் கொடுத்து “ஒன்றும் இல்லை” என்று வந்தால் அதற்குப் பொருள் குறைவு: குடும்பத்தில் பழுதே இல்லையா, அது இந்தப் பரிசோதனைக்குத் தெரியாத மரபணுவில் இருக்கிறதா, இருந்தும் இவருக்கு மட்டும் வரவில்லையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அக்காவிடம் பழுது கண்டுபிடிக்கப்பட்ட பிறகு தங்கைக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும். செலவும் குறையும், பதிலும் தெளிவாக இருக்கும். அந்த நிலையில் “இல்லை” என்று வந்தால் அது உண்மையான நிம்மதி.

பணம் கட்டும்போது கேட்க வேண்டியவை: எந்தெந்த மரபணுக்கள், அவற்றை முழுமையாகப் படிப்பார்களா, மரபணுவில் பெரிய துண்டுகள் விடுபட்டுப்போனதையும் இரட்டித்ததையும் பார்ப்பார்களா. எச்சில் அனுப்பினால் வம்சாவளி சொல்லும் அயல்நாட்டுப் பரிசோதனைகளை இதற்கு நம்பாதீர்கள். 2018-இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்த அத்தகைய பரிசோதனை ஒன்று பி.ஆர்.சி.ஏ. மரபணுக்களில் மூன்றே திரிபுகளை, அதாவது எழுத்து மாற்றங்களைத்தான் பார்த்தது. மூன்றும் ஐரோப்பிய வழி யூதர்களான அஷ்கனாசி யூதர்களிடம் அதிகம் காணப்படுபவை. அந்த மக்களில் 40 பேருக்கு ஒருவரிடம் அவற்றில் ஒன்று இருக்கும். நோய் தரும் திரிபுகளோ ஆயிரத்துக்கும் மேல். நமக்கு அங்கே “இல்லை” என்று வருவதில் எந்த உறுதியும் கிடையாது.

ரிப்போர்ட்டைப் படிப்பது

அக்காவின் ரிப்போர்ட்டில் இருந்தது 185டெல்ஏஜி. புதிய முறையில் சி.68_69டெல் என்று எழுதுகிறார்கள். மரபணுவின் டி.என்.ஏ. வரிசையில் இரண்டு எழுத்துகள் விடுபட்டதால் புரதம் தொடங்கிய சிறிது தூரத்திலேயே அறுந்து நின்றுவிடுகிறது. மேலே சொன்ன யூதத் திரிபுகள் மூன்றில் இதுவும் ஒன்று. அவர்களுக்கும் குடியாத்தம் நெசவாளர் குடும்பத்துக்கும் என்ன தொடர்பு என்று எங்கள் வீட்டில் எல்லாரும் கேட்டார்கள். தென்னிந்தியப் பெண்களிடம் இந்தத் திரிபு அதிகமாக வருவதை 2009-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ஒரு இந்தியக் குடும்பத்தில் இந்தப் பழுதைச் சுற்றியுள்ள எழுத்துகளை ஆராய்ந்தவர்கள், அது யூதர்களின் வரிசையோடு ஒத்துவரவில்லை, தனியாகத் தோன்றியது என்று எழுதினார்கள். ஒரே இடத்தில் ஒரே பழுது இரண்டு முறை நேர்ந்திருக்கிறது. ஆகவே ஒரு திரிபைக் குறிப்பிட்ட மக்களின் சொத்தாக நினைத்து ஒதுக்கிவிட முடியாது.

மக்களுக்கு மக்கள் வேறுபடுவதும் உண்மைதான். ஐஸ்லாந்தில் பி.ஆர்.சி.ஏ.2-இல் ஒரே ஒரு திரிபுதான் பெரும்பாலான குடும்பங்களில் வருகிறது. தென் பிரேசிலில், புற்றுநோயைத் தடுக்கும் டி.பி.53 என்ற மரபணுவில் ஒரு திரிபு பரவலாக இருக்கிறது. சிறு கூட்டமாகத் தொடங்கி, தங்களுக்குள்ளேயே மணம் செய்துவந்த மக்களிடம் மூதாதையர் ஒருவரின் பழுது பெருகுவது இயல்பு. 2017-இல் தெற்காசியாவின் 260-க்கும் மேற்பட்ட குழுக்களை ஆராய்ந்தபோது, 81 குழுக்களில் இந்த மூதாதையர் தடம் அஷ்கனாசி யூதர்களிடம் இருப்பதைவிட வலுவாக இருந்தது. அதனால் மருத்துவர் பூர்வீக ஊரையும் சமூகத்தையும் தாய்மொழியையும் கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள். இதில் உயர்வு தாழ்வு எதுவும் இல்லை.

இனி, நம்மை அதிகம் குழப்பும் பதிலுக்கு வருகிறேன். ரிப்போர்ட்டில் நோய் தரும் திரிபு, திரிபு எதுவும் இல்லை என்ற பதில்களோடு மூன்றாவதாக வி.யு.எஸ். என்று ஒன்று வரும். எழுத்து மாறியிருக்கிறது, ஆனால் அது கெடுதலா இல்லையா என்று முடிவு செய்யச் சான்று போதவில்லை என்பது பொருள். இது நம் மக்களுக்கு அதிகமாக வரக் காரணம் நம் உடம்பில் இல்லை. ஒரு திரிபு நலமாக இருக்கும் ஏராளமானவர்களிடம் இருந்தால் அது தீங்கற்றது என்று தெரிந்துவிடும். அதைத் தெரிந்துகொள்ள உலகின் மரபணுத் தொகுப்புகளில் நம்மவர்கள் இருக்க வேண்டும். அவற்றில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினர். இந்தியாவில் இண்டிஜென் திட்டம் 1,029 பேரின் மரபணுத் தொகுதியைப் படித்தது. 2020-இல் தொடங்கிய ஜீனோம்இந்தியா திட்டம் 10,000 பேரைப் படித்து, 2025 ஜனவரியில் அந்தத் தரவை ஆய்வாளர்களுக்குத் திறந்தது. இன்னும் நிறைய வேண்டும்.

வி.யு.எஸ். வந்தால் அதை மட்டும் வைத்துச் சினைப்பையை எடுக்கவோ, தங்கையைப் பரிசோதித்துப் பயமுறுத்தவோ கூடாது. மறுவகைப்படுத்தும்போது பெரும்பாலானவை தீங்கற்றவை என்றே முடிகின்றன. குடும்ப வரலாறு எவ்வளவு கவலை தருகிறதோ அதற்கேற்ற கண்காணிப்பைத் தொடருங்கள். ஆண்டுக்கு ஒரு முறை, வகை மாறியிருக்கிறதா என்று கேளுங்கள். இங்கேதான் தாள் மறுபடியும் பேசுகிறது: நோய் வந்த உறவினர்கள் எல்லாரிடமும் அந்தத் திரிபு இருந்து, முதுமை வரை நலமாக இருந்தவர்களிடம் இல்லை என்றால் அதுவே ஒரு சான்று. ஆய்வகம் உறவினர்களின் இரத்தத்தைக் கேட்டால் ஒத்துழையுங்கள்.

நோய் தரும் திரிபு என்று வந்துவிட்டால் எண்களைக் கண்டு கலங்காதீர்கள். 2017-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றின்படி, பி.ஆர்.சி.ஏ.1 பழுதுள்ள பெண்களுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 72 சதவீதம், சினைப்பைக்கு 44 சதவீதம், பி.ஆர்.சி.ஏ.2-க்கு 69, 17. அவை பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளிக் குடும்பங்களின் எண்கள். நமக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாமல், ஆபத்து பெரியது என்ற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. 25 வயதிலிருந்து ஆண்டுதோறும் மார்பக எம்.ஆர்.ஐ., 30-லிருந்து மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயும் சேர்த்து. குழந்தைப்பேறு முடிந்தபின் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் எடுத்துவிடுவது, பி.ஆர்.சி.ஏ.1-க்கு 35 முதல் 40 வயதுக்குள், பி.ஆர்.சி.ஏ.2-க்கு 40 முதல் 45-க்குள். சினைப்பைப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிய நம்பத்தக்க பரிசோதனை இல்லாததால் இந்த அறுவையைத் தள்ளிப்போடாதீர்கள் என்பேன், நான் செய்துகொண்டேன். பி.ஆர்.சி.ஏ.2 உள்ள ஆண்கள் 40 வயது முதல் புராஸ்டேட்டுக்கான இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம். லிஞ்ச் குடும்பங்களில் 20–25 வயதிலேயே தொடங்கி ஓரிரு ஆண்டுகளுக்கு ஒரு முறை கொலனோஸ்கோப்பி என்ற பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனை. நோய் வந்துவிட்டவருக்கும் இந்த விவரம் பயன்படும். ஓலாபரிப் போன்ற புற்றுநோய் மருந்துகளை மருத்துவர்கள் மரபணு முடிவைப் பார்த்துத்தான் தருகிறார்கள்.

உறவினர்களிடம் சொல்வது

எல்லாவற்றிலும் கடினமானது இதுதான். “கல்யாணம் ஆகாத பெண் இருக்கிறாள், வெளியே தெரிந்தால் யார் எடுப்பார்கள்” என்று ஒரு சித்தப்பா என்னிடம் கேட்டார். அவருடைய பயம் பொய்யானதில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு 25 வயதில் தெரிய வேண்டியது 40 வயதில், கட்டியாகத் தெரிவதற்கு யாரும் பொறுப்பேற்க முடியாது. 18 வயது நிறையாத பிள்ளைகளுக்கு பெரியவர்களானபின் வரும் இந்த நோய்களுக்கான பரிசோதனை வேண்டாம். 18 நிறைந்த இரத்த உறவு ஒவ்வொருவருக்கும், ஆண்களுக்கும்கூட, நேரில் சொல்லுங்கள். பரிசோதிப்பதா வேண்டாமா என்பது அவர்கள் விருப்பம், அதில் வற்புறுத்தாதீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ரிப்போர்ட்டைப் போடாதீர்கள். அது யார் கைக்குப் போகும் என்று உங்களால் சொல்ல முடியாது.

சொல்லிவிட்டுத் திரும்பும்போது மூன்றை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுங்கள்: மரபணுவின் பெயர், திரிபின் முழுக் குறியீடு எழுத்து மாறாமல், பரிசோதித்த ஆய்வகத்தின் பெயர். ரிப்போர்ட்டின் நகல் இருந்தால் இன்னும் நல்லது. அது கையில் இல்லாவிட்டால் பெங்களூரில் இருக்கும் அக்கா மகன் முழுப் பரிசோதனைக்கும் மீண்டும் பணம் கட்ட நேரிடும்.